தும்பாங் கேட்க முடியாத இடம்

பிள்ளைகளே, போன வருஷம் தைப்பூசம் முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை, உங்களைத் தலை சீவக்கூட விடாமல் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பதிலுக்கு நான் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பெரியவள் அம்மாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழத்தான் செய்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் நம் தோட்டத்தில் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த ஐஸ் கச்சாங். ஏன் இருக்கக் கூடாது என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நம் தோட்டம் உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் பெரிய சாலையோடு போய்விடும், உள்ளே வராது. லயத்து வீடுகளிலிருந்து அந்தச் சாலைக்குப் போகச் செம்பனை மரங்களுக்கு நடுவில் செம்மண் பாதையில் நடக்க வேண்டும். போய் நின்றாலும் பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. இளவட்டங்களுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வயதானவர்களும் வண்டி ஓட்டத் தெரியாத பெண்களும் யாராவது காரில் போனால் ‘தும்பாங்’ கேட்டு ஏறிக்கொள்வார்கள். போகிற வழியில் என்னையும் ஏற்றிக்கொள் என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் வார்த்தை அது. நாமும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, எனக்கும் அன்றுதான் ஓய்வு. அன்று காலையில் பசாருக்கு, அதாவது டவுன் சந்தைக்குப் போவேன். தோட்டத்தில் எல்லாரும் ‘காடி’ என்று சொல்லும் நம் கார் எத்தனையாவது கை மாறி வந்தது என்று அதற்கே நினைவிருக்காது, ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைகூட அது காலியாகப் போனதில்லை. பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். நான் போகும் மீன்கடையிலேயே அவர்களும் மீன் வாங்குவார்கள், நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையிலேயே முடிவெட்டிக்கொள்வார்கள், நான் கிளம்பலாம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. நம்மால் நாலு பேருக்கு உபகாரம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இப்படி இருக்கும்போது கோயில் தலைவர் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வருகிறாள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பாள், எல்லாருக்கும் அந்த அளவுக்கு மலாய் வராது, நீ கூடவே இருந்து தமிழில் கேட்டுச் சொல் என்றார். தோட்டத்துக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிப் போய் டவுன் பஸ் நிலையத்தில் இறக்கிவிடும் சின்ன வேன் ஒன்றைச் சோதனைக்கு விடப் போகிறார்களாம். எல்லாத் தோட்டத்துக்கும் விட முடியாது. எங்கே ரொம்பத் தேவை என்று இந்த ஆய்வை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். இந்த வேலைக்கு ஏன் என்னைப் பிடித்தார் என்றால், தோட்டத்தில் யார் எங்கே போகிறார்கள் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன்.

வந்தவள் அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்ப் பெண். முதுகில் ஒரு பை, கையில் ஒரு டேப்லட். என்னை அங்கிள் என்று கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்கினாள். பஸ் வசதி இருக்கிற இடத்தில் மனிதர்கள் எப்படி ஒருவரோடு ஒருவர் கலந்து வாழ்கிறார்கள், இல்லாத இடத்தில் யார் யார் ஒதுங்கிப் போகிறார்கள் என்பதை அளந்து பார்ப்பதுதான் அவள் படிப்பு. தூரத்தை அளக்கலாம், நேரத்தை அளக்கலாம், இதை எப்படியம்மா அளப்பது என்று கேட்டேன். அதற்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன் என்றாள். போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, போக முடியாமல் விட்ட இடம் ஏதாவது சமீபத்தில் உண்டா? எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம், நிதானமாகக் கேளுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

முதலில் மூலை வீட்டு மாமா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், பேச ஆரம்பித்தால் நம் காரில் பாட்டுப்பெட்டி தேவைப்படாது. அந்தக் கேள்வியை நான் கேட்டதும் என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“நமக்கு என்னம்மா குறை? அதான் தம்பி இருக்காரே” என்றார்.

நான் அதை மலாயில் சொன்னேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அடுத்த வீட்டு மருமகப் பெண்ணும் அதையே சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படித்தான். எங்கேயும் போக ஆசையில்லை, எந்தக் குறையும் இல்லை. ஒரு வீட்டில் எனக்குப் பலகாரமே கொடுத்தார்கள்.

மாணவிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இதே கேள்விக்கு வாய் ஓயாமல் பேசினார்களாம். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் சாமியார்களா அங்கிள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் இருக்கிறேன் அல்லவா, அதனால்தான் என்றேன். இதுவரை கிடைத்த பதில்களைப் பார்த்தால் இந்தத் தோட்டத்துக்கு வேன் தேவைப்படாது போலிருக்கிறதே என்றாள். எனக்கு என்னவோ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய மாதிரி இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

அது நம் எதிர்வரிசை அக்கா வீடு. நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற அதே அக்காதான். கையுறை செய்யும் கம்பெனியில் ரொம்ப வருஷம் பெட்டி கட்டுகிற வேலை பார்த்தவர். கணவர் இல்லை. மகன் ஜொகூரில். கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லாக் கேள்விக்கும் சட்சட்டென்று பதில் சொன்னார். அந்த முக்கியமான கேள்வி வந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, கொஞ்ச நேரம் அந்த ஜம்பு மரத்தாண்ட போய் நில்லுங்க.”

ஏன் என்று கேட்டேன்.

“ஏன்னா? நீங்க முன்னாடி நின்னுக்கிட்டு, போக முடியாத இடம் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னு எந்த மனுஷி சொல்லுவா? அடுத்த வாரம் உங்க காடில ஏற வேணாமா? போங்கலா. எனக்கு மலாய் உங்கள விட நல்லாவே வரும்.”

அக்காவின் மலாயைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கம்பெனியில் மலாய்ப் பெண்களோடு இருந்தவர். நான் மரத்தடிக்குப் போய் நின்றேன். இஸ்திரிச் சட்டையோடு, வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பையன் மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிறகு அக்கா மட்டும் பேசினார். அந்தப் பெண் டேப்லட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அக்காவே காப்பி போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

அக்காவுக்குக் கடலோரத்துத் தஞ்சோங் டாவாயில் ஒரு தோழி இருக்கிறாராம். மலாய்க்காரப் பெண்மணி. கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு, வேலையிலும் ஒரே மேசை. விடியற்காலையில் பஸ்ஸில் ஏறியதும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவார்களாம். திரும்பி வரும்போது வீட்டுக் கதை முழுவதும் பேசித் தீர்ப்பார்களாம். அக்காவின் கணவர் தவறியபோது அடுத்த சீட்டில் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தது அவர்தானாம். வேலை நின்றது, கம்பெனி பஸ்ஸும் நின்றது. அன்றிலிருந்து இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. தோழிக்கு முட்டி தேய்ந்து மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார முடியாது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. போன் செய்யும்போதெல்லாம் அவர் கெடா மலாயில் “பிலா நாக் மாய்?” என்றுதான் கேட்கிறாராம். எப்போது வரப் போகிறாய் என்று. இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“என்னக்கா இது, ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?”

“போயிருப்பீங்க. அதனாலதான் கேக்கல.”

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“தம்பி, ஆஸ்பத்திரின்னா தும்பாங் கேக்கலாம். கோயிலு, கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் கேக்கலாம். நான் ஒருத்திகூட ஒக்காந்து பேசிட்டு வரணும், அதுக்கு உங்க பெட்ரோலக் குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது? சரி, கேட்டேன்னே வச்சுக்குங்க. நீங்க அவ வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு நிப்பீங்க. விருந்தாளி வந்துட்டாருன்னு அவ உங்களுக்கு மீ கிண்ட உள்ள ஓடுவா. நான் உங்களுக்கு நேரமாச்சேன்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் நாங்க எப்பப் பேசறது?”

மாணவிக்கு அக்கா அதை மலாயில் சொல்ல, எனக்கு மீ நூடுல்ஸ் கிண்டப் போகும் கட்டம் வந்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் காலையிலிருந்து நடந்தது எனக்கு உறைத்தது. மூலை வீட்டு மாமா என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னதும், மருமகப் பெண் சொல்லிவிட்டுச் சிரித்ததும், அந்தப் பலகாரமும். யாரும் பொய் சொல்லவில்லை. காரில் ஏற்றிப் போகிறவன் எதிரில் நின்றுகொண்டு கார் போதவில்லை என்று சொல்வது நம் ஜனங்களுக்கு வராது. அவ்வளவுதான். அந்த மரியாதையால் வேன் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அக்கா இன்னும் எத்தனை வருஷம் இதோ வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பாரோ தெரியாது.

மாணவியிடம் என் மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். காலையில் வாங்கிய பதில் ஒன்றும் ஆகாது, எல்லாம் எனக்குச் சொன்ன பதில், உனக்குச் சொன்னது இல்லை என்றேன். அவள் கோபப்படவில்லை. பஸ் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது சுலபம் அங்கிள், போகாமல் விட்டதை எண்ணுவதுதான் கஷ்டம் என்றாள். எனக்குப் பதிலாக அக்காவே மறுபடியும் வீடு வீடாகக் கூட வருவதாகச் சொன்னார். அப்படியானால் நான் எங்கே போவது? வீட்டுக்குள் இருந்தாலும் கார் வாசலில் நிற்குமே. காரைப் பார்த்தாலே மூலை வீட்டு மாமாவுக்கு வாய் அடைத்துவிடும். அப்போதுதான் உங்களையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால், பிள்ளைகளே, ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியில் கிடக்கும் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள், தலையைத் திருப்பிக்கொண்டு கோழியை விரட்டுகிறார்கள். எல்லாரும் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. நம் தோட்டத்தில் எதுவும் உள்ளே தங்காது. இருட்டுவதற்குள் ஒவ்வொருவராக அவர்களே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மருமகப் பெண்ணுக்குக் கேக் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. வகுப்பு மதியம் வரை நடக்கும், நம் கார் அதற்கு முன்பே திரும்பிவிடும். இன்னொரு வீட்டுத் தம்பதிக்கு, பின்சீட்டில் யாரும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் டவுனுக்குப் போய் ஒரு படம் பார்க்க வேண்டுமாம், கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரியாம். மூலை வீட்டு மாமாதான் கடைசியாக வந்தார். தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. பசார் பின்னால ஒரு கடையில எனக்குப் பழக்கமான ஆளு இருக்கான், அவன்தான் எனக்குப் புடிச்ச மாதிரி வெட்டுவான். உங்ககூட வந்து வந்து, என் தலையும் உங்க தலையும் ஒரே மாதிரி ஆயிடுச்சு.”

உங்கள் அம்மா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

ஹரி ராயாப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் வேன் வந்தது. வாரத்தில் சில நாட்கள், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. சோதனைதான், ஆட்கள் ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் காலை வேலைக்குக் கிளம்பி வந்து பார்க்கிறேன், தோட்டமே கோயில் முன்னால் கூடியிருக்கிறது. வேனைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள், சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், குளிர்சாதனம் இருக்கிறதா என்று சன்னலில் கை வைக்கிறார்கள். ஆனால் ஒருத்தரும் ஏறவில்லை. நான் அங்கே நிற்கிறேன் அல்லவா? நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்றைக்குக் காலியாகப் போனால் அடுத்த வாரமும் காலியாகத்தான் போகும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஏறுங்கள் என்று நான் சொன்னால் துரத்துகிற மாதிரி இருக்கும். போய்விடலாம் என்றால், யாராவது ஏறுகிறார்களா என்று பார்க்காமல் போக மனசு வரவில்லை.

அப்போதுதான் அக்கா வந்தார். தைப்பூசத்துக்குக் கட்டிய புடவை, முகத்தில் பவுடர், தோளில் கம்பெனிக்குப் போன காலத்துக் கைப்பை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, வேலைக்குப் போகலயா? நான் எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு மூலை வீட்டு மாமா ஏறினார். மருமகப் பெண் ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். வேன் செம்மண் பாதையில் திரும்பும்போது மாமா சன்னல் வழியாகத் தன் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைச் சுளகில் பரப்பிக்கொண்டிருந்தார். தஞ்சோங் டாவாய்க் கருவாடு என்று வாசமே சொன்னது. பெரிய பொட்டலமாகக் கட்டி நமக்கும் கொடுத்தார். தோழி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முட்டி அப்படியேதான் இருக்கிறதாம், வாய்தான் முன்னைவிட நீண்டுவிட்டதாம். டவுனில் பஸ் மாறிப் போய் அக்கா இறங்கும்போது, தோழி நிறுத்தத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். பார்த்ததும் அந்தக் காலத்துப் பஸ்ஸில் மாதிரியே ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டார்களாம்.

“அப்புறம் என்ன பேசுனீங்க?”

“அத உங்ககிட்ட ஏன் சொல்லணும்?” என்றார் அக்கா. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வேன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை தும்பாங் கேட்கிறவர்கள் இப்போதும் உண்டு, நானும் ஏற்றிக்கொள்கிறேன். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கிறேன். எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேன் வந்து சில மாதம் கழித்து எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. நீங்கள் பள்ளிக்குப் போயிருந்தீர்கள், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். காரை வாசலிலேயே விட்டுவிட்டுக் கோயில் முன்னால் போய் நின்றேன். வேன் வந்தது, ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். அந்தப் பாதையில் எத்தனையோ வருஷமாகக் கார் ஓட்டியிருக்கிறேன், குழி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் செம்பனைக்குப் பின்னால் அல்லி பூத்த குட்டை ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். டவுனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு முஸ்லிம் அண்ணன் கடையில் உட்கார்ந்து பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்று சாப்பிட்டு, ஒரு டீயை ஆற விட்டுக் குடித்தேன். வாங்க வேண்டிய சாமான் ஒன்றும் இல்லை, கிளம்பலாமா என்று கேட்க ஆளும் இல்லை. மாலை வேனில் திரும்பி வந்தேன். ஏன் போனாய் என்று கேட்க யாரும் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய் வருவது மனசை எவ்வளவு லேசாக்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அந்த லேசு எதிர்வரிசை அக்காவுக்கும் கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.